ஃபாக்னர் தொகுப்பு: எங்கிருந்து தொடங்குவது, எந்தப் பதிப்பை நம்புவது?

தேரிக்காடு

வணக்கம். அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னரைத் தனித்தனி நாவலாகப் படிக்காமல் 'தி போர்ட்டபிள் ஃபாக்னர்' தொகுப்பு வழியாக உள்ளே போகலாமா என்பதுதான் கேள்வி. உள்ளடக்கப் பட்டியல் குழப்புகிறது. 'டில்சி' என்று ஒரு கதை, 'பெர்சி கிரிம்' என்று ஒரு கதை, 'ஓல்டு மேன்' என்று ஒரு குறுநாவல். இவையெல்லாம் தனிக்கதைகளா, நாவல்களிலிருந்து வெட்டியவையா? கடைசியில் காம்ப்ஸன் குடும்பம் பற்றி ஒரு பின்னிணைப்பு இருக்கிறது. அதில் பணத்தோடு ஓடும் அந்த வீட்டுப் பெண் மழைநீர்க் குழாயைப் பிடித்து இறங்குகிறாள். 'தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி' நாவலில் பேரி மரத்தின் வழியாக அல்லவா இறங்குகிறாள்? எது சரி?

ஓலைச்சுவடி

இரண்டும் ஃபாக்னர் எழுதியவைதாம். ஆனால் இரண்டுக்கும் நடுவே 16 ஆண்டுகள் இருக்கின்றன. நாவல் வெளியானது 1929. பின்னிணைப்பை அவர் 1945இல், இந்தத் தொகுப்புக்காகவே எழுதினார். தொகுப்பாசிரியர் மால்கம் கௌலி நாவலின் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துப் போட விரும்பினார். முன்கதை தெரியாதவர்களுக்காகச் சிறு குறிப்பொன்று கேட்டார். ஃபாக்னரோ 1699 முதல் 1945 வரை அந்தக் குடும்பத்தின் வம்ச வரலாற்றையே எழுதி அனுப்பினார். பழைய நாவலைப் புரட்டிப் பார்க்காமல் எழுதியதால் முரண்கள் வந்தன. மரம் குழாயானது ஒன்று. பணம் இன்னொன்று. நாவலில் அந்தப் பெண்ணின் மாமன் ஜேசன் களவு போனதாகச் சொல்வது 3,000 டாலர். பின்னிணைப்பில் அது ஏறத்தாழ 7,000. திருத்திவிடலாமா என்று கௌலி கேட்டபோது ஃபாக்னர் பெரும்பாலானவற்றை அப்படியே விடச் சொன்னார். அந்த மனிதர்களை இப்போது முன்பைவிட நன்றாகத் தெரியும் என்பது அவர் நிலை.

ஆகவே நாவலைப் பற்றிப் பேசும்போது பேரி மரம்தான். பின்னிணைப்பைத் தனிப் படைப்பாகப் படியுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு: 'டில்சி' என்பது 'தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி'யின் நான்காம் பகுதி. 'பெர்சி கிரிம்' 'லைட் இன் ஆகஸ்ட்' (1932) நாவலிலிருந்து எடுத்தது. 'ஓல்டு மேன்' 'தி வைல்டு பாம்ஸ்' (1939) நாவலில் பாதி. 'எ ரோஸ் ஃபார் எமிலி', 'தட் ஈவ்னிங் சன்', 'ரெட் லீவ்ஸ்' ஆகிய மூன்றும் பத்திரிகையில் வந்த முழுச் சிறுகதைகள்.

மஞ்சநத்தி

கௌலி செய்ததில் பெரிய விஷயம் வரிசைதான். எழுதிய ஆண்டுப்படி அடுக்காமல், கதை நடக்கும் ஆண்டுப்படி அடுக்கினார். 1820இல் செவ்விந்தியர் காலத்தில் தொடங்கி, உள்நாட்டுப் போர், காடு அழிதல், 1927 மிசிசிப்பி வெள்ளம் என்று 1940கள் வரை வரும். யோக்னபடாஃபா என்ற அந்தக் கற்பனை மாவட்டம் மொத்தமும் ஒரே கதை என்று வாசகருக்குக் கண்ணில் பட்டது 1946இல் இந்தப் புத்தகத்தால்தான். அப்போது அவருடைய பெரும்பாலான நாவல்கள் அச்சிலேயே இல்லை. நான்கே ஆண்டுகளில், 1950 டிசம்பரில், 1949க்கான நோபல் பரிசை ஸ்டாக்ஹோமில் வாங்குகிறார்.

ஆனால் அந்த வரிசையிலேயே படிக்காதீர்கள். முதல் கதைகளில் வரும் இக்கெமோட்டுபே, சாம் ஃபாதர்ஸ் போன்றவர்கள் யார், அவர்களுக்கு ஏன் இவ்வளவு கனம் என்பது பின்னால் வரும் கதைகளைப் படித்தவருக்கே புரியும். ஊரின் பாட்டன் பூட்டன் கதையை ஊருக்குள் நுழையும் முன்பே கேட்பதுபோல ஆகிவிடும்.

இப்படிப் போய்ப் பாருங்கள். முதலில் 'எ ரோஸ் ஃபார் எமிலி'. அடுத்து 'தட் ஈவ்னிங் சன்'. காம்ப்ஸன் பிள்ளைகள் சிறுவர்களாக வருவதால் பின்னால் நாவலுக்கு உதவும். பிறகு 'ஸ்பாட்டட் ஹார்சஸ்', அதில் சிரிப்பும் உண்டு, ஸ்னோப்ஸ் குடும்பமும் அறிமுகமாகும். அதன் பின் 'ஓல்டு மேன்'. இவ்வளவும் முடிந்த பிறகு 'தி பேர்'. 'டில்சி'யைத் தொடவே வேண்டாம். அதை முழு நாவலின் முடிவாகப் படிப்பதற்கு விட்டுவையுங்கள். முதல் மூன்று பகுதிகளில் மூன்று பேர் தலைக்குள் மூச்சுமுட்டிக் கிடந்த பிறகுதான் அந்த நான்காம் பகுதியின் வெளிச்சம் வெளிச்சமாகத் தெரியும். பின்னிணைப்பு எல்லாவற்றுக்கும் கடைசி. 1946இல் மாடர்ன் லைப்ரரி வெளியிட்ட பதிப்பில் அதை நாவலுக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். காம்ப்ஸன் வீட்டுப் பெண் கேடி என்ன ஆனாள், அவள் அண்ணன் குவென்டின் எப்படிச் செத்தான் என்று வாசலிலேயே எல்லாம் தெரிந்துவிடும். பழைய புத்தகக் கடையில் அந்த அமைப்பு கிடைத்தால், பின்னிணைப்பைத் தாண்டி நாவலுக்குப் போய்விடுங்கள்.

கரிசல்மண்

'ஓல்டு மேன்' பத்தி ஒரு மாற்றுக் கருத்து. அதைத் தனியாப் பிரிச்சது தப்புன்னு நினைக்கிறேன். 'தி வைல்டு பாம்ஸ்'ல ரெண்டு கதையும் ஒரு அத்தியாயம் அது, ஒரு அத்தியாயம் இதுன்னு மாறி மாறி வரும், ஆளுக்கு அஞ்சு. ஒண்ணுல காதலுக்காக எல்லாத்தையும் விட்டுட்டு ஓடுறவன். இன்னொண்ணுல வெள்ளத்துல கர்ப்பிணியோட மாட்டிக்கிட்டு, எப்படியாவது சிறைக்கே திரும்பிப் போயிடணும்னு துடிக்கிற கைதி. ஒண்ணோட பாரத்தை இன்னொண்ணு தாங்கும். பிரிச்சா கைதி கதை வெறும் சாகசக் கதையாயிடும்.

தலைப்புலயும் சிக்கல் இருக்கு. ஃபாக்னர் வச்ச பேர் 'இஃப் ஐ ஃபர்கெட் தீ, ஜெருசலேம்'. பதிப்பகம் மாத்திடுச்சு. 1990ல லைப்ரரி ஆஃப் அமெரிக்கா தொகுதியிலதான் மூலத் தலைப்பு திரும்பி வந்தது. பழைய பதிப்புல கைதி பேசுற கடைசி வரியில ஒரு கெட்ட வார்த்தைக்குப் பதிலா வெறும் கோடு இருக்கும். திருத்திய பாடத்துல வார்த்தையே இருக்கும். கையில இருக்கிறது எந்தப் பாடம்னு தெரிஞ்சுக்க அந்தக் கடைசி வரி போதும்.

மஞ்சநத்தி

ஒத்துக்கொள்கிறேன், முழு நாவல் கிடைத்தால் அதுதான் சரி. தொகுப்பு மட்டுமே கையில் இருப்பவருக்காகச் சொன்னேன்.

தேரிக்காடு

நன்றி. 'தி பேர்' தொடங்கினேன். முதல் மூன்று பகுதி தெளிவாக ஓடுகிறது. கரடி, நாய், காடு. நான்காம் பகுதியில் திடீரென்று கணக்குப் புத்தகம், பைபிள், முற்றுப்புள்ளியே இல்லாத பக்கங்கள். இதைத் தாண்டிப் போகலாமா?

ஓலைச்சுவடி

வேட்டைக்கதையாக மட்டும் படிக்க விரும்பினால் தாண்டலாம். 1942 மே மாதம் 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' இதழில் வந்த சிறுகதை வடிவில் அந்தப் பகுதி இல்லை. 1955இல் வந்த 'பிக் வுட்ஸ்' வேட்டைக்கதைத் தொகுப்பிலும் அவரே அதை நீக்கினார். நான்காம் பகுதி 'கோ டவுன், மோசஸ்' (1942) நாவலுக்கு உரியது. அந்தப் புத்தகம் முதலில் 'மற்றும் பிற கதைகள்' என்ற ஒட்டுடன் வெளியானது. அது நாவல் என்று ஃபாக்னர் உறுதியாக நின்றதால் 1949 மறுபதிப்பில் ஒட்டு போய்விட்டது.

ஆனால் தாண்டாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். கரடி ஏன் சாக வேண்டியிருந்தது, காடு ஏன் விற்கப்பட்டது என்பதற்கான பதில் அந்தக் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

படிக்கும் முறை இது. காலம் நேராகப் போகாது. கதைநாயகன் ஐசக் மெக்காஸ்லினுக்குக் கரடி சாகும்போது வயது 16. நான்காம் பகுதியில் 21. ஐந்தாம் பகுதியில் மறுபடி 18. அதாவது நான்காம் பகுதி காலத்தால் கடைசி. அதன் உள்ளே, 16 வயதில் அவன் தனியாக உட்கார்ந்து கணக்கேட்டைப் படித்த இரவு பின்னோக்காக வருகிறது. ஏட்டில் எழுதியவர்கள் அவன் தந்தையும் அவருடைய இரட்டைச் சகோதரரும். எழுத்துப்பிழை மலிந்த, இரண்டு மூன்று சொல் பதிவுகள். அவற்றைக் காகிதத்தில் தேதிப்படி எழுதிக்கொள்ளுங்கள். யூனிஸ் என்ற அடிமைப் பெண், 1807இல் நியூ ஆர்லியன்ஸில் 650 டாலருக்கு வாங்கப்பட்டவள். 1809இல் துசிடஸ் என்ற அடிமைக்கு மணம் முடிக்கப்படுகிறாள். 1810இல் மகள் தொமசினா பிறக்கிறாள். 1832 கிறிஸ்துமஸ் அன்று யூனிஸ் ஓடையில் மூழ்கி இறக்கிறாள். 1833 ஜூனில் தொமசினா பிரசவத்தில் இறக்கிறாள், ஆண் குழந்தை பிழைக்கிறது. அதற்குத் தந்தை பெயர் இல்லை. ஆனால் ஐசக்கின் தாத்தா, கிழவர் கரோதர்ஸ் மெக்காஸ்லின் உயிலில் அந்தப் பிள்ளைக்கு 1,000 டாலர்.

யூனிஸ் தானே மூழ்கினாள் என்று ஒரு சகோதரர் எழுத, அடிமை எங்காவது தானாகச் சாவானா என்று மற்றவர் கேட்டு எழுதுகிறார். முதலாமவர் மறுபடி அதையே எழுதுகிறார். தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பிரசவத்துக்கு ஆறு மாதம் முன்பு தாய் சாகிறாள். மகளின் வயிறு தெரியத் தொடங்கிய நேரம். தொமசினா கிழவரின் சொந்த மகள், அவள் பெற்ற பிள்ளைக்குத் தகப்பனும் அவரே. கதை இதை எங்கும் முழு வாக்கியமாக உரைப்பதில்லை. ஐசக்கோடு சேர்ந்து நாமும் கணக்குக் கூட்டித்தான் அங்கே சேர வேண்டும். அதைக் கூட்டிப் பார்த்தவன் அந்த நிலத்தை எப்படித் தன்னுடையது என்று வாங்கிக்கொள்வான்?

தேரிக்காடு

இந்தத் தேதி வரிசை கண்ணைத் திறந்துவிட்டது. அடுத்து 'தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி' முழு நாவலை வாங்கப் போகிறேன். மலிவுப் பதிப்புகள் நிறைய வந்துவிட்டன. எதை நம்புவது?

பிழைதிருத்தி

இங்கேதான் பலர் ஏமாறுவது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு பதிப்புரிமை. ஃபாக்னர் இறந்தது 1962 ஜூலை 6. ஆகவே வாழ்நாளில் வெளியான அவர் எழுத்துகள் 2023 ஜனவரி 1 முதல் இங்கே பொதுவுடைமை. அமெரிக்காவில் 'தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி' 2025 ஜனவரி 1இல் விடுபட்டது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று ஆகிவிட்டதால் வருடி (ஸ்கேனர்) மூலம் எடுத்த பிரதியைப் பிழை பார்க்காமல் போட்டுவிடுகிறார்கள். மற்ற ஆசிரியர்களுக்கு அது எரிச்சல். இவருக்கு அது நாசம். காரணம், இவர் எழுத்தின் வடிவத்தையே பொருளாக வைத்தவர்.

வாங்கும் முன் புரட்டிப் பார்க்க வேண்டிய இடங்கள்: 'தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி' முதல் பகுதியில் சாய்வெழுத்து இருக்கிறதா? அந்தப் பகுதியைச் சொல்லும் பென்ஜி (கேடியின் மனவளர்ச்சி குன்றிய தம்பி) வேலியில் ஆணியில் மாட்டிக்கொள்ளும் இடம் தொடக்கத்திலேயே வரும், அங்கேயே முதல் சாய்வு வர வேண்டும். இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள். இரண்டாம் பகுதியின் கடைசிப் பக்கங்களில், குவென்டின் தந்தையோடு பேசும் இடத்தில், நிறுத்தக்குறிகள் அற்றுப்போய், 'நான்' என்பதற்கான ஆங்கிலப் பெரிய எழுத்து சிறிய எழுத்தாகியிருக்க வேண்டும். தானியங்கித் திருத்தம் அதைப் பெரிதாக்கிவிட்டிருந்தால் குவென்டினின் தன்னிலை கரைவதே காணாமல் போய்விடும்.

'ஆஸ் ஐ லே டையிங்' (1930) என்றால் இரண்டு இடம். டல் என்பவர் பேசும் ஒரு பகுதியில் வரிக்கு நடுவே சவப்பெட்டியின் வடிவம் சிறு படமாக வரும். அடி என்ற பெண் பேசும் பகுதியில் ஒரு வாக்கியத்தின் நடுவில் சொல் இருக்க வேண்டிய இடம் வெற்றிடமாக இருக்கும். மின்னூலில் படம் உதிர்ந்திருக்கும், வெற்றிடம் ஒட்டிப்போயிருக்கும். இரண்டும் சரியாக இருந்தால் மற்றதையும் கவனித்திருக்கிறார்கள் என்று ஓரளவு நம்பலாம்.

'அப்சலோம், அப்சலோம்!' (1936) என்றால் ஐந்தாம் அத்தியாயம் ஏறக்குறைய முழுதும் சாய்வெழுத்து, ரோசாவின் பேச்சு.

நல்ல பாடம் வேண்டும் என்றால் நோயல் போல்க் தட்டச்சுப் படிகளோடு ஒப்பிட்டுத் திருத்தியவை. 'தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி' 1984, 'அப்சலோம்' 1986. விண்டேஜ் தாள் அட்டைப் பதிப்பிலும் லைப்ரரி ஆஃப் அமெரிக்காவின் ஐந்து நாவல் தொகுதிகளிலும் இருப்பது அந்தப் பாடம்.

'அப்சலோம்' பின்னால் உள்ள காலவரிசையிலும் பழைய பதிப்பை நம்பாதீர்கள். ரோசாவும் குவென்டினும் அந்த இடிந்த வீட்டுக்குப் போவது 1910 செப்டம்பர் என்று போட்டிருக்கும். 'தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி'யில் வரும் அதே குவென்டின் 1910 ஜூன் 2 அன்றே இறந்தவன். 1909தான் பொருந்தும்.

கரிசல்மண்

சாய்வெழுத்து பத்தி ஒண்ணு சேர்க்கணும். முதல் பதிப்பு மெய்ப்புலயே அவர் நண்பர் பென் வாசன் சாய்வை எல்லாம் எடுத்துட்டு வரி இடைவெளி விட்டார். ஃபாக்னர் கோபமா கடிதம் எழுதி எல்லாத்தையும் திருப்பிப் போட வச்சார். இடைவெளி விட்டா காலம் ரெண்டா மூணா துண்டாத் தெரியும், பென்ஜிக்கு அப்படித் துண்டு கிடையாது, அதுதான் அவர் வாதம். வண்ண மையில அச்சிடணும்ங்கிற ஆசையும் இருந்தது. 2012ல ஃபோலியோ சொசைட்டி 14 வண்ணத்துல போட்டாங்க. விலை நமக்கெல்லாம் எட்டாது.

ஆனா ஒண்ணு, சாய்வு வந்தா 'காலம் மாறிடுச்சு'ன்னு மட்டும்தான் அர்த்தம். எந்தக் காலத்துக்குப் போச்சுன்னு அது சொல்லாது. அதுக்குப் பென்ஜிய யார் கூட்டிக்கிட்டுப் போறாங்கன்னு பாருங்க. வெர்ஷ் இருந்தா பென்ஜி சின்னப் பிள்ளை, பாட்டி செத்த 1898, பேர் மாத்தின 1900 பக்கம். டி.பி. இருந்தா கேடி கல்யாணத்தை ஒட்டி, 1910, 1912. லஸ்டர்னா 1928, பென்ஜிக்கு 33 வயசு, நிகழ்காலம். பேனா எடுத்து ஓரத்துல வெ, டி, ல-ன்னு குறிச்சுக்கிட்டே போனா ஒரே வாசிப்புல முக்கால்வாசி பிடிபடும். குவென்டின் ரெண்டு பேர், மாமன் ஒருத்தன், மருமகள் ஒருத்தி. லஸ்டர் இருக்கிற காட்சியில குவென்டின்னு வந்தா அது அந்தப் பொண்ணு.

தேரிக்காடு

மொழிபெயர்க்கவும் உரிமை இருக்கிறதா அப்படியென்றால்?

பிழைதிருத்தி

இந்தியாவில் வெளியிட, அவர் உயிரோடு இருக்கும்போது வந்தவற்றுக்கு, அனுமதி தேவையில்லை. மூன்று இடத்தில் கவனம். போர்ட்டபிளில் உள்ள கௌலியின் முன்னுரைகளைத் தொடக்கூடாது. அவர் இறந்தது 1989, உரிமை 2049 முடியும்வரை உண்டு. 'ஃபிளாக்ஸ் இன் தி டஸ்ட்' 1973இல்தான் முதலில் வெளியானது, மறைவுக்குப் பின் வந்த நூல் என்பதால் வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு எண்ண வேண்டும். திருத்திய பாடத்தை அப்படியே பின்பற்றுவதைவிட 1929 முதல் பதிப்பை மூலமாக வைத்து, திருத்தியதை ஒப்புநோக்க மட்டும் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. இலங்கையில் 70 ஆண்டு. அங்கே வெளியிட 2032 முடிய வேண்டும்.

மஞ்சநத்தி

உரிமையை விடுங்கள், தமிழில் எங்கே இடறும் என்று சொல்கிறேன். சாய்வெழுத்து நம் எழுத்துருக்களில் சரியாகத் தெரியாது. தமிழ் எழுத்துகள் வளைந்தவை, சாய்த்தால் அச்சுப்பிழை போலிருக்கும். தடித்த எழுத்து கத்துவதுபோல் ஆகிவிடும். இரண்டு வேறு எழுத்துருக்களை, ஒரே தடிமனில், பயன்படுத்துவதே வழி. குவென்டினின் சிறிய எழுத்து 'நான்'க்குத் தமிழில் நிகர் இல்லை, நமக்குப் பெரிய எழுத்தே கிடையாது. எழுவாயை உதிர்த்துவிட்டு வினையை மட்டும் விடலாம். 'சொன்னேன்', 'இல்லை என்றார்'. அப்படிச் செய்தால் தன்னிலை விகுதிக்குள் சுருங்கிவிடும், ஏறத்தாழ அதே விளைவு.

பெயரில் ஒரு கண்ணி உண்டு. கேடி. தமிழில் அந்தச் சொல் போக்கிரியைக் குறிக்கும். முதல் பக்கத்தில் கோல்ஃப் ஆடுபவர்கள் மட்டைப் பை தூக்கும் பையனைக் கூப்பிடுவதும் அதே ஒலிதான். அதைக் கேட்டுத்தான் பென்ஜி அழுகிறான். எனவே மாற்றவும் முடியாது.

ஓலைச்சுவடி

'கேடி' என்பதை 'கேடீ' என்று நீட்டிவிடலாம் என்று ஒரு யோசனை. வீட்டுப் பெண்ணை விளிப்பதுபோல் ஒலிக்கும், திடலில் கூவுவதும் விளிதான். இரண்டுக்கும் ஒரே எழுத்து நிற்கும், போக்கிரிப் பொருளும் ஓரளவு விலகும்.

'எ ரோஸ் ஃபார் எமிலி'யில் கண்ணி வேறு. ஊரே 'நாங்கள்' என்று கதை சொல்கிறது. தமிழில் நாமா, நாங்களா? 'நாங்கள்' என்றால் வாசகர் வெளியூர்க்காரர். 'நாம்' என்றால் அந்த நாற்பதாண்டு வேடிக்கை பார்த்தலில் அவரும் பங்காளி.

மஞ்சநத்தி

அங்கே 'நாம்', 'நாங்கள்' என்று சொல்லாமலே தப்பிக்கலாமே. 'பார்த்தோம்', 'நின்றோம்' என்ற விகுதி இரண்டுக்கும் பொது. 'எங்கள் ஊர்' என்பதற்கு 'ஊரே' போதும். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. கதவை உடைப்பவர்கள் 'அவர்கள்'. கட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்பது 'நாம்'. உடைத்த கை வேறு, பார்த்த கண் நம்முடையது. அந்த 'அவர்கள்' என்ற சொல்லை மட்டும் வெளிப்படையாக எழுதியே ஆகவேண்டும். 'கதவு உடைக்கப்பட்டது' என்று செயப்பாட்டில் போட்டால் கதை செத்துவிடும்.

கரிசல்மண்

காம்ப்ஸன் வீட்டு வேலைக்காரி டில்சி பேச்சை எந்த வட்டார வழக்குல எழுதுறதுன்னும் யோசிக்கணும். கறுப்பின மக்கள் பேச்சுக்கு நம்ம ஊர்ல ஒரு சாதியோட பேச்சைக் கொண்டாந்து வச்சா, மிசிசிப்பி காணாமப் போயி நம்ம ஊர்ச் சாதிக் கணக்கு உள்ள வந்துடும். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரத்தை மட்டும் வச்சுக்கலாம். காம்ப்ஸன் அம்மா எழுத்துத் தமிழை ஒட்டிப் பேசட்டும், டில்சி எந்த ஊர்னு சொல்ல முடியாத பொதுவான பேச்சுத் தமிழ்ல பேசட்டும். பென்ஜி பகுதியில மத்தவங்க பேசுறதுதான் நமக்குக் கிடைக்கிற ஒரே பிடி, அதனால யார் பேசுறாங்கன்னு பேச்சுலயே தெரியணும்.

தேரிக்காடு

கணக்கேட்டுப் பதிவுகளை மட்டும் முதலில் தமிழாக்கிப் பார்க்கிறேன். அந்த எழுத்துப்பிழைகளை வைப்பதா, திருத்துவதா?

பிழைதிருத்தி

வையுங்கள். ஆனால் படிக்கத் தடுக்காத அளவில். ற, ர, ழ, ள மயக்கமும் ஒற்று விடுதலும் போதும். 'மூழ்கி' என்பது 'மூள்கி' என்றிருந்தால் கண் ஒரு நொடி நிற்கும், அந்தப் பதிவில் நிற்க வேண்டிய இடமும் அதுதான். தேதிகளிலும் 650 என்ற தொகையிலும் மட்டும் கை வைக்காதீர்கள்.